புவெப்லா: நடந்து நடந்து தின்ற கதை

ஆபீஸில் ஆணி பிடுங்கி முடித்து வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான் வருகிறது. அதனால் தள்ளிக்கொண்டே போன பதிவு இது. சாப்பாட்டுப் பதிவு மாதிரி ஆரம்பிக்கும். வேறு எங்கோ போய் முடியும். பொறுத்தருள்க :-)

2024 ஆகஸ்டில் வேலை விஷயமாக மூன்று வாரம் மெக்ஸிகோ போயிருந்தேன். காருக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் புனேயில் பொட்டி தட்டுகிறவன் நான். புவெப்லா என்ற ஊரிலும் கார் தொழிற்சாலை உண்டு என்பதால் இந்த யோகம். கூட வந்தவர் நாசிக்காரர், முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். எனக்குத் தடை எதுவும் கிடையாது, தட்டில் வைத்தால் சாப்பிடுவேன்.

புவெப்லா கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். ஸ்பானியர்கள் 1531ல் கட்டிய ஊர். வானம் தெளிவாக இருந்தால் போபோகாதேபெத்ல் எரிமலை புகை விடுவது தெரியும். பழைய ஊர் முழுக்க சதுரங்கக் கட்டம் மாதிரி தெருக்கள், பெரும்பாலும் பெயருக்குப் பதில் எண். தொலைந்து போவது கஷ்டம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, "ஓட்டல் அறையில் உட்கார்ந்து என்ன செய்வது, வாரும்" என்று நாசிக்காரரை இழுத்துக்கொண்டு ஒரு சாப்பாட்டு நடைக்குப் பணம் கட்டினேன். ஒருவர் நம்மைத் தெருத் தெருவாகக் கூட்டிப் போவார். ஏழெட்டு இடத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சம் தின்ன வேண்டும். நாலு மணி நேரம். வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. நியூயார்க்கில் ஓட்டல் சமையலறைகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், அதனால் நல்ல இங்கிலீஷ். புவெப்லாக்காரர்கள் நியூயார்க்கில் ஏகப்பட்ட பேர், 'புவெப்லா யார்க்' என்றே கிண்டலாகச் சொல்வார்களாம். அவருடைய மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

கதீட்ரலுக்கு எதிரே, மைதானத்து ஓரத்தில் தொடக்கம். முதல் ஐட்டம் தமால். சோள மாவைக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, உள்ளே காரம் வைத்து, சோள மட்டையில் சுற்றி ஆவியில் வேக வைப்பது. இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அதை அப்படியே ஒரு பன்னுக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். மாவுக்குள் மாவு! கூடவே அத்தோலே, சோள மாவுக் கஞ்சி. கம்மங்கூழ் குடித்து வளர்ந்தவனுக்கு அது இறங்கச் சிரமமே இல்லை.

நாசிக்காரர் சைவத் தமால் இருக்கிறதா என்று விசாரித்து, "மன்தேகா மட்டும்தான் போட்டிருக்கு" என்ற பதிலில் நிம்மதியாகி வாயருகே கொண்டு போய்விட்டார். வழிகாட்டி அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார். வெண்ணெய்க்கு ஸ்பானிஷில் 'மன்தேகீயா'. 'மன்தேகா' என்றால் பன்றிக் கொழுப்பு. ஒரு வாரமாக ஓட்டலில் மன்தேகாவை வெண்ணெய் என்று நினைத்துப் பீன்ஸ் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் நடை முழுக்க அவருக்கு அவகாதோவும் பழமும்தான். (சைவர்கள் மெக்ஸிகோ போனால் இந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டு போங்கள்.)

அங்கிருந்து பக்கத்துத் தெருவில் ஏசு சபையின் கோயில். "உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி இங்க அடக்கமாகியிருக்கா" என்றார் வழிகாட்டி. நான் ஏதோ சுற்றுலாக் கதை என்று நினைத்தேன், உண்மைதான். 17ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முகலாயர் ஆட்சிப் பகுதியிலிருந்து போர்த்துகீசியக் கடற்கொள்ளையர் ஒரு சிறுமியைப் பிடித்து வந்து, கொச்சியில் ஞானஸ்நானம் கொடுத்து, மணிலா சந்தையில் விற்றிருக்கிறார்கள். அங்கிருந்து கப்பலில் அகபுல்கோ, அப்புறம் புவெப்லா. கத்தரீனா தே சான் ஹுவான் என்று பெயர். 1688ல் இறந்தபோது ஊரே அவளைப் புனிதவதி மாதிரி கொண்டாடியது. பாதிரியார் ஒருவர் அவள் வாழ்க்கையை மூன்று பாகமாக எழுத, திருச்சபை விசாரணை மன்றம் அந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் நடுவே அந்தக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை, 250 வருடம் ஓடியிருக்கின்றன. மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் போன அதே வழியில் மனிதர்களும் சரக்காகப் போயிருக்கிறார்கள். நாம் விசா முத்திரைக்காக வரிசையில் நிற்பதையே பெரிய கஷ்டம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது தாக்கோ ஆராபே. அதாவது அரபுத் தாக்கோ. 1930களில் லெபனான், இராக் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் ஷவர்மாவை இங்கே போட ஆரம்பித்தார்கள். அங்கே ஆட்டுக்கறி, இங்கே மலிவாகக் கிடைத்தது பன்றிக்கறி. எனவே கம்பியில் பன்றி ஏறியது. ரொட்டி மட்டும் அவர்கள் ஊர்க் கோதுமை ரொட்டி. தொட்டுக்கொள்ள உள்ளூர் சிபோட்லே மிளகாய்ச் சாறு. இதுவே பிற்பாடு மெக்ஸிகோ சிட்டிக்குப் போய், சோள ரொட்டிக்கு மாறி, தலையில் அன்னாசித் துண்டும் வைத்துக்கொண்டு 'அல் பஸ்தோர்' ஆகிவிட்டது. இன்றைக்கு மெக்ஸிகோவின் அடையாளமே அதுதான். மூன்று தலைமுறையில் யார் வீட்டுச் சாப்பாடு, யார் சொந்தக்காரர் என்பதெல்லாம் கலந்து போய்விடுகிறது. என் மகள் புனேயில் போஹாவை 'நம்ம வீட்டு டிபன்' என்று சொல்வது ஞாபகம் வந்தது. தங்கமணி அதற்குக் கோபிப்பார். நான் இப்போதெல்லாம் கோபிப்பதில்லை.

மிட்டாய்த் தெரு என்று ஒன்று. வரிசையாகக் கடைகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சர்க்கரையோடு கிண்டி, விரல் நீளத்துக்கு உருட்டிக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பூசணி விதையை அரைத்துப் பூசிய சின்ன பிஸ்கட் இன்னொன்று. இது இரண்டிலும் தயக்கமில்லாமல் நாசிக்காரர் கிழங்கு மிட்டாயை ஒரு டப்பாவே வாங்கிக்கொண்டார். அங்கே ஒரு பழக்கடையில் சப்போட்டாவைப் பார்த்து "சிக்கூ!" என்று கத்தினார். அந்த மரத்துக்கு இதுதான் பிறந்த வீடு. நாவாட்ல் மொழியின் 'த்ஸாபொத்ல்' ஸ்பானிஷில் 'சப்போத்தே' ஆகி நம்மிடம் சப்போட்டா ஆனது. அதே பழத்தின் 'சீக்கோ சப்போத்தே' என்ற பெயரின் முன்பாதியை மராட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெயரை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம்! தக்காளி, கொய்யா, பப்பாளி, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். பதிலுக்கு நம் பக்கத்திலிருந்து போன புளி அங்கே தெருவுக்குத் தெரு சர்பத்தாக விற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே மிளகாய். சாத்தூர்ப் பக்கம் கரிசல்காட்டில் பிறந்தவன் நான். அப்பா இருந்தவரை எங்கள் களத்தில் சம்பா வத்தல் காயும். மாசி, பங்குனியில் ஊரே சிவப்பாக இருக்கும். 'மிளகாய்' என்ற பெயரே மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் வந்தது. போர்த்துகீசியர் கொண்டுவந்த 16ஆம் நூற்றாண்டுக்கு முன் நம் குழம்பில் உறைப்பு என்றால் மிளகுதான். மெக்ஸிகோவில் பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்ததும் வேறு பெயர். போப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ. சிலாகா காய்ந்தால் பசீயா. ஹலபேன்யோவைப் புகை போட்டுக் காய வைத்தால் சிபோட்லே. நாமும் வத்தல் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்னதும் வழிகாட்டி அம்மாவுக்கு சந்தோஷம்.

சான் பிரான்சிஸ்கோ கோயில் பக்கம் சலூபா. சின்னச் சின்ன சோள ரொட்டியைக் கொழுப்பில் பொரித்து, ஒன்றுக்குப் பச்சைச் சாறு, ஒன்றுக்குச் சிவப்புச் சாறு, மேலே நார் நாராகக் கறி, வெங்காயம். ஆறு சாப்பிட்டேன். எண்ணியது நாசிக்காரர்.

அதற்கப்புறம்தான் அந்த மிஷினுக்குப் போனோம்.

பட்டியலில் இல்லாத இடம். "உங்க ரெண்டு பேருக்கும் பிடிக்கும்" என்று ஒரு சந்துக்குள் கூட்டிப் போனார். நிஷ்தமால் அரைக்கும் மில். வாசலில் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அசப்பில் நம்மூர் மாவு மிஷினேதான். அதே பெல்ட் சத்தம், அதே சூடான மாவு வாசனை.

நிஷ்தமால் என்றால் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து, ராத்திரி முழுக்க ஊறப் போட்டுக் கழுவிய சோளம். (இந்தப் பதிவில் சோளம் என்றால் மக்காச்சோளம்.) சுண்ணாம்பு என்றதும் நான் வெற்றிலையை நினைத்தேன். அதே வஸ்துதான். சுண்ணாம்பில் வெந்தால்தான் தோல் கழன்று, மாவு ஒட்டி, ரொட்டி தட்ட வரும். அதைவிட முக்கியமாக, சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபடும். ஸ்பானியர்கள் விதையை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் சோளத்தை மட்டுமே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளுக்குத் தோல் உரிந்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்தது. 1735ல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கஸால் அதை விவரித்து எழுதினார். பிற்பாடு இத்தாலியர்கள் பெலாக்ரா என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நியாசின்தான் மருந்து என்று தெரிய 1937 ஆயிற்று. இதே புவெப்லா மாநிலத்து தெவாகான் பள்ளத்தாக்கில் 5,000 வருடத்துக்கு முந்தைய சோளக் கதிர்கள் கிடைத்திருக்கின்றன. அந்த மண்ணின் பெண்களுக்குத் தெரிந்திருந்ததை, "இதை ஏன் இப்படிச் செய்யறீங்க?" என்று விதை கொண்டு போனவர்கள் யாரும் கேட்கவில்லை.

பக்கத்தில் இன்னொரு மிஷின், வறுத்த மிளகாய் அரைப்பதற்கு. மோலே என்ற குழம்புக்கு நாலு வகை வத்தல், எள், பாதாம், நிலக்கடலை, உலர்திராட்சை, மிளகு, கிராம்பு, பட்டை, மல்லி விதை, சோம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்துக் கொண்டுவந்து விழுதாக அரைத்துப் போகிறார்கள். நெடி ஏறி நாங்கள் எல்லோரும் இருமினோம். ஒரு பாட்டி, கூடப் பத்து வயதுப் பேரன். அரைக்கக் கொடுக்கும் முன் பாட்டி எள்ளைக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துப் பேரனிடம் நீட்டி ஏதோ கேட்டார். அவன் குனிந்து பார்த்துப் பதில் சொன்னான். அப்புறம் வத்தலை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அவன் ஏதோ சொன்னான்.

என்ன கேட்கிறார் என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

"என்ன நிறம்னு கேக்கறாங்க. அவங்களுக்குக் கண் சரியா தெரியாது. மிளகாய் ஒரு நொடி கூடுதலா வறுபட்டாலும் மோலே முழுக்கக் கசந்துரும். அதான் பேரனை வெச்சுப் பார்க்கறாங்க."

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. சலூபா இல்லை.

(இங்கே ஒரு கொசுவத்தி சுற்றவேண்டும்.) அப்பா போன பிறகும் அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறாள். புனே வந்து பத்து நாளுக்கு மேல் தங்க மாட்டாள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்சலில் குழம்புப் பொடி வந்துவிடும். பதினாறு வருடமாக எங்கள் வீட்டில் கடைப் பொடி நுழைந்ததில்லை. 2024 ஏப்ரலில் வந்த பொடி கறுத்துக் கசந்தது. கறிக்குழம்பு வைத்து அத்தனையும் கொட்ட வேண்டியதாயிற்று, வீட்டில் விருந்தாளிகள் வேறு. அந்த எரிச்சலோடு போன் போட்டேன். "என்னம்மா இது, கரிச்சு அனுப்பியிருக்க? கவனமே இல்லயா? இனிமே நீ கஷ்டப்படாத. நாங்க இங்கயே பாக்கெட் வாங்கிக்கிடுதோம்" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிய்யா" என்றாள். அவ்வளவுதான். ஜூலையில் பார்சல் வரவில்லை. தங்கமணிதான், "அத்தைகிட்ட அப்படிப் பேசியிருக்க வேண்டாம்" என்றார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வயசான காலத்தில் அவளுக்கும் ஓய்வுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கவனமே இல்லையா என்று கேட்டேனே தவிர, கண் தெரியுதா என்று கேட்கத் தோன்றவில்லை.

மிச்ச நடை ஏனோதானோ என்று போயிற்று. சாந்தா ரோசா கன்னியர் மடத்துச் சமையலறையைப் பார்த்தோம். சுவர், கூரை எல்லாம் நீலமும் மஞ்சளுமாக ஓடு பதித்தது, மோலே பிறந்த இடம் என்று ஐதீகம். கடைசியாக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் வான்கோழி மேல் மோலே ஊற்றிக் கொடுத்தார்கள். சாக்லேட் குழம்பு என்று கேள்விப்பட்டுப் பயந்திருந்தேன். சாக்லேட் துளிதான், முன்னால் நிற்பது வறுத்த வத்தலும் எள்ளும். சீசன் என்பதால் சீலே என் நோகாதாவும் கிடைத்தது. பெரிய மிளகாய்க்குள் பழமும் கறியும் அடைத்து, மேலே வால்நட் சாறு, மாதுளை முத்து. பச்சை, வெள்ளை, சிவப்பு, அவர்கள் கொடி நிறம்.

"மகளுக்கு மோலே தெரியுமா?" என்று வழிகாட்டி அம்மாவிடம் கேட்டேன். "விழுதா அனுப்பிடுவேன், பார்சல்ல நியூயார்க் போயிரும். செய்யத் தெரியாது. கேட்டதும் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ராத்திரி எட்டு மணி அங்கே, நம்மூரில் திங்கட்கிழமை காலை ஏழரை. அம்மாவுக்குப் போட்டேன்.

"யம்மா, வெந்தயம் எம்புட்டு நேரம் வறுக்கணும்?"

"எதுக்குய்யா? அந்த ஊர்ல போயி பொடியா திரிக்கப் போற?"

"சும்மா சொல்லு."

"நேரம் எல்லாம் என்ன கணக்கு? பொன்னிறம் வந்தா எறக்கிறணும்."

"இப்ப உனக்கு அந்தப் பொன்னிறம் தெரியுதா?"

பதில் இல்லை. பின்னால் சேவல் கூவியது கேட்டது. அப்புறம் மெல்லச் சொன்னாள். "மங்கலாத்தான்யா இருக்கு. பொங்கல்ல இருந்தே. ஒனக்குச் சொன்னா லீவு போட்டு அலைவியேன்னு இருந்துட்டேன். பொடி கரிஞ்சது வாசனையிலயே தெரிஞ்சிச்சு. இருந்தாலும் மூணு கிலோ சாமான், தூரப் போட மனசு வரல. தப்புதான்."

தப்பு என்று அவள் சொன்னாள். நான் ஓட்டல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் மதுரையில் ஆபரேஷன். ஒரு வாரம் லீவு போட்டுப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, முதலில் வலது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு போனபோது, அடுப்புப் புகை இன்னும் கொஞ்ச நாள் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வறுத்தது நான். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தாள். மகள்தான் தூது. ஒரு கரண்டியில் எடுத்துக்கொண்டு ஓடுவாள். "ஆச்சி, இந்த கலர் போதுமா?" உள்ளேயிருந்து எனக்கு உத்தரவு மட்டும் கேட்கும். "இன்னும் கொஞ்சம்னு ஒங்கப்பன்ட்ட சொல்லு." அன்றைக்கு எழுதிக்கொண்ட கணக்கு இது:

மல்லி ஒரு கிலோ, வத்தல் அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், மிளகு 50, வெந்தயம் 25, துவரம்பருப்பு 100, பச்சரிசி ஒரு கைப்பிடி, விரளி மஞ்சள் 50, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. வத்தலை வெயிலில் காய வைத்தால் போதும், சட்டியில் போடவேண்டாம். மற்றதைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். வெந்தயம் கடைசியில், அடுப்பை அணைத்த சட்டிச் சூட்டில். ஆறின பிறகுதான் மிஷின். மிஷினில் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளவும். (இது அம்மா இரண்டு தடவை சொன்னது.)

இடது கண் ஆபரேஷன் ஜனவரியில் முடிந்தது. மார்ச் முதல் பார்சல் மறுபடி வருகிறது. நான் கேட்கவில்லை, அவளாகத்தான் அனுப்பினாள்.

டிஸ்கி: இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஊரிலிருந்து பொடியோ ஊறுகாயோ வரும் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை உப்பு கூடினாலோ, கரிந்தாலோ, உடனே போனில் எகிறாதீர்கள். கண் எப்படி இருக்கிறது, நாக்குக்கு ருசி தெரிகிறதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பேனாவை எடுத்து அளவையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாசிக்காரர் இன்னும் பீன்ஸ் தொடுவதில்லை :-)